இன்றே கடைசி, முதல் ஆட்டம்

"எத்தனை டிக்கெட்டும்மா?"

முகம் தெரியாமல் தலையோடு காலாகப் போர்த்திய வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு விரல் மட்டும் வெளியே நீண்டது. பெண்கள் பக்கத்து ஜன்னலில் இருந்தவர் ஒரு தரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"புதுப்பொண்ணு போலருக்கு. வாயே தொறக்க மாட்டேங்குது" என்று பின்னால் நின்ற பூக்காரம்மா சிரித்தாள்.

வாயைத் திறந்தால் குட்டு உடைந்துவிடும். உள்ளே இருந்தது எஸ்.எஸ்.எல்.சி. படிக்கும் சேக் பரீது, பள்ளிக்கூட ஃபுட்பால் டீமின் கோல் கீப்பர்.

முழுத் தப்பும் அவனுடையது என்று சொல்ல முடியாது. திண்டுக்கல் தெருவெல்லாம் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, கொட்டடித்து, 'இன்றே கடைசி' என்று நோட்டீஸ் வீசினால் ஒரு மாணவன் என்னதான் செய்வான்? அந்தத் துப்பறியும் படத்தை வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். முகமூடிக் கொலைகாரன் யாரென்று மட்டும் சொல்லாமல் அவனைப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் மறுநாள் காலையில் கீரனூர் டீமோடு ஃபைனல். டிரில் மாஸ்டர் பக்ருதீன் சார் அன்று பிராக்டிஸ் முடிந்ததும் எல்லோரையும் புல்தரையில் உட்காரவைத்துக் கறாராகச் சொல்லியிருந்தார்.

"நேரா வீட்டுக்குப் போயி, சாப்ட்டுப் படுங்க. எவனையாச்சும் சினிமாக் கொட்டகையில பாத்தேன், அவன் நாளைக்கு ஆட மாட்டான். நானே கொட்டகைக்கு வந்து காவல் இருக்கப் போறேன்."

"நாங்க போவோமா சார்?" என்றான் ஆண்டிச்சாமி. அவனைவிட நல்ல பிள்ளை ஜில்லாவிலேயே கிடையாது என்பதுபோல இருந்தது முகம்.

சார் விசிலை எடுத்து ஒரே ஊது. டீம் மொத்தமும் துள்ளி எழுந்து விறைப்பாக நின்றது. கடைசியாக எழுந்தவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்பது சார் போட்ட சட்டம். வருஷம் முழுக்க ஓடி ஓடி, அவர்களுக்கு அது உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

பரீதுக்கு இந்த ஃபைனல்தான் உயிர். ரெண்டு வருஷம் வெளியே உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பிறகு கிடைத்த இடம் அது. அவன் எப்போது தடுக்கி விழுவான், தான் எப்போது கோலில் நிற்கலாம் என்று பொம்மையன் வேறு காத்திருந்தான். மேட்சும் போகக்கூடாது, படமும் போகக்கூடாது. கடைசியில் அக்கா மெஹராஜிடம் போய்க் கெஞ்சினான்.

"ஏலே, துப்பட்டில சேறு கீறு பட்டுச்சு, அத்தாட்ட சொல்லிப்புடுவேன். வந்து கதை முழுசும் எனக்குச் சொல்லணும், ஆமா."

"அல்லா அறியச் சொல்றேன்க்கா!"

அப்படித்தான் இப்போது டிக்கெட்டும் கையுமாக நின்றான். நல்லவேளை, கொட்டகை வாசலில் சாரைக் காணோம். குனிந்த தலை நிமிராமல் உள்ளே போய், ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கும் இடுப்பளவு மண்சுவரை ஒட்டி, ஆளில்லாத ஓரமாகப் பார்த்து மணலில் உட்கார்ந்தான்.

விளக்கு அணைகிற நேரத்துக்கு, வாட்டசாட்டமான இன்னொரு துப்பட்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. பரீது துப்பட்டியை முகத்தின் மேல் இன்னும் இழுத்து விட்டுக்கொண்டான். ஆனால் அந்த அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எந்தத் தெரும்மா நீங்க?" என்று முன்னாலிருந்து பூக்காரம்மா ஆரம்பித்தாள். படம் போட்டாச்சு, பேசாதே என்பதுபோல அந்த அம்மா திரையைக் கைகாட்டினாள். பூக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பரீதுக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போயிற்று.

இடைவேளையில் "சோடா, கலரு!" என்று குரல் கேட்டதும் அவனுக்குத் தொண்டை வறண்டது. கேட்டு வாங்க வாய் வேண்டுமே! முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். பக்கத்திலிருந்து ஒரு பிடி வறுத்த கடலை அவன் மடியில் விழுந்தது. பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டே மென்றான்.

கடைசிக் கட்டம். முகமூடிக்காரன் மாடிக்கு மாடி தாவுகிறான். போலீஸ் வளைத்துக்கொண்டது. அவன் கை முகமூடியைக் கழற்ற மெல்ல மேலே போகிறது. கொட்டகையில் மூச்சுச் சத்தம் இல்லை.

அப்போது திரையில் இன்ஸ்பெக்டர் விசிலை எடுத்து ஒரே ஊது ஊதினார்.

பரீது துள்ளி எழுந்து விறைப்பாக நின்றான். நின்ற பிறகுதான் நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரிந்தது. துப்பட்டி தலையிலிருந்து நழுவித் தோளில் கிடந்தது.

செத்தோம் என்று சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கேயும் இங்கொன்றும் அங்கொன்றுமாக, தலையில் துண்டு முக்காடு போட்ட உருவங்கள் விறைப்பாக நின்றுகொண்டிருந்தன. ஆண்டிச்சாமி. பொம்மையன். கேப்டன் பெருமாள்சாமி. டீமில் ஒருத்தன் பாக்கியில்லை.

ஒருவரையொருவர் பார்த்து எல்லோரும் பேயறைந்தமாதிரி நின்றார்கள். சார் மட்டும் இந்த இருட்டில் எங்கேயாவது உட்கார்ந்திருந்தால், நாளைக்குக் கீரனூரோடு ஆடத் திண்டுக்கல்லில் ஆளே இல்லை! பரீதுக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்திலிருந்த அம்மா அவன் துப்பட்டியை வெடுக்கென்று பிடித்துக் கீழே இழுத்தாள். தினமும் மைதானத்தையே நடுங்கவைக்கும் குரல் ஒன்று அவளிடமிருந்து வந்தது.

"ஒக்காருங்கடா, கொலகாரன் மூஞ்சி தெரியல!"