ஐயாசாமியின் மோட்டார்

“மூவாயிரத்து இருநூறு வெள்ளி. இதுக்கு மேல என்னால முடியாதுண்ணே.”

ஐயாசாமி வாயைத் திறக்கவில்லை. கெலாங் பாத்தா ஊரில் தன் வீட்டு வாசலில், மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து ரூபேந்திரனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் பேரத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர் போலிருக்கிறது என்று ரூபேந்திரன் நினைத்துக்கொண்டான்.

அவனுக்கு இந்தப் படகு மோட்டார் கிடைத்தே ஆக வேண்டும். தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் பிழைப்பவன். பழைய மோட்டார் ஜாம் ஆகி மூன்று வாரம் ஆகிறது; சனிக்கிழமைக் கூட்டத்தையும் விட்டால் அவர்கள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். நாலு ஸ்ட்ரோக் மோட்டாரின் கனத்தை அவன் படகு தாங்காது, ரெண்டு ஸ்ட்ரோக்கோ இப்போது லேசில் கிடைப்பதில்லை.

காலையில் விளம்பரத்தைப் பார்த்து அவன் போன் செய்தபோது எடுத்தது ஐயாசாமியின் மனைவி சந்திரமதி.

“ஏங்க்கா விக்கிறீங்க?”

“ரெண்டு ஸ்ட்ரோக் லா தம்பி. அதான்.”

“அலமாக், ரொம்ப நல்லதாப் போச்சுக்கா! நான் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“நல்லதா?” என்றார் சந்திரமதி. பிறகு, “வந்து பாருங்க. நான் கடைக்குப் போயிருந்தாலும் அவரு வீட்லதான் இருப்பாரு” என்று வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

வந்து பார்த்தாயிற்று. வாசலோரம் தண்ணீர் டிரம்மில் மாட்டியிருந்த மோட்டாருக்கு எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றினான். கயிற்றை இரண்டு இழு இழுத்ததும் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. சத்தம் கேட்டதும் ஐயாசாமிக்குக் கண் கலங்கியது. புகைதான் காரணம் என்று ரூபேந்திரன் அவசரமாக மோட்டாரை அணைத்தான்.

“சரி, மூவாயிரத்து ஐந்நூறு.”

ஐயாசாமி மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூவாயிரத்து எண்ணூறு! பொண்டாட்டி சங்கிலிய அடகு வச்ச காசுண்ணே. கையில வேற ஒண்ணும் இல்ல.”

ஐயாசாமியின் உதடு லேசாகக் கோணியது. நக்கலாகச் சிரிக்கிறார்! ரூபேந்திரனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விட்டுவிட்டுப் போகவும் வழியில்லை, கொடுக்க இனி காசும் இல்லை.

“வாயில என்னண்ணே கொழுக்கட்டையா? இஷ்டமில்லனா இல்லனு சொல்லித் தொலைங்க லா!”

கேட்டைத் திறந்துகொண்டு வந்த சந்திரமதியின் காதில் அது விழுந்துவிட்டது. அவர் ஒன்றும் கோபப்படவில்லை. பையைக் கீழே வைத்தார். கணவரின் மடியிலிருந்த துண்டை எடுத்து, அவர் கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டார். துண்டுக்கு அடியில் இருந்த வலது கை அசையாமல் கிடந்தது.

“போன்ல ரெண்டு ஸ்ட்ரோக்னு நான் சொன்னது இவரைத்தான் தம்பி.”