எலும்பு வளர

நாற்காலியின் கைப்பிடியை நிர்மலாதேவி இறுகப் பிடித்திருந்தாள். பக்கத்தில் நின்ற கணவன் இளஞ்செழியன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"இவளுக்கு ஊசின்னாலே பயம் டாக்டர். அதான் கம்பெனிக்கு லீவு போட்டுட்டுக் கூடவே வந்துட்டேன்."

மிஷன் வீதியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் சபின், எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார்.

"முன்பல் ரெண்டும் போன எடத்துல தாடை எலும்பு கரைஞ்சிருக்கு. புதுப்பல்லு நிக்கணும்னா எலும்பு வளரணும். இவங்க ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்துனா மஞ்சளா ஜெல்லி மாதிரி பிரியும். அதை எலும்புத் தூளோட குழைச்சு உள்ள வெச்சுத் தெச்சிடுவேன்."

"மாடிப்படியில விழுந்ததுக்கு எவ்ளோ வேலை பாருங்க."

"போன வாரம் வண்டியிலேர்ந்து விழுந்தாங்கன்னு சொன்னீங்க."

"ரெண்டுலயும் விழுந்திருக்கா. கவனமே கெடையாது" என்று சிரித்தான்.

சபின் அவள் பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சம்மதம்தானேம்மா?"

"சம்மதம்தான் டாக்டர்" என்றான் அவன். "இவளுக்குன்னு யாரு இருக்கா? எல்லாம் நான்தான்."

ரத்தம் பிரிக்கும் உள் அறைக்கு அவளை அழைத்துப் போனபோது அவனும் பின்னாலேயே வந்தான். சபின் வாசலில் மறித்தார்.

"நீங்க வெளிய இருங்க சார். கிருமி பட்டா மொத்தமும் வீணாப் போயிடும்."

கொஞ்சம் தயங்கியவன், கதவை ஒட்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளுடைய செல்போனும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. "இங்கயேதான் இருப்பேன் நிர்மலா."

ஜன்னல் இல்லாத அறை. சபின் கதவைச் சாத்தினார். கதவிடுக்கில் அவன் பாதங்களின் நிழல் அசையாமல் கிடந்தது.

சபின் மூடி போட்ட குழாய்களை மெஷினுக்குள் செருகிப் பொத்தானை அழுத்தினார். மெஷின் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது.

"என்ன சத்தம் அது?" வெளியிலிருந்து கேட்டான்.

"ரத்தம் சுத்துது சார். கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் கதவத் தெறக்காதீங்க."

நிர்மலாதேவி தன் கையைப் பார்த்தாள். ஊசி குத்திய தடமே இல்லை.

"டாக்டர்... என்கிட்ட ரத்தமே எடுக்கலையே?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"குழாயில இருக்கறது தண்ணி" என்று தாழ்ந்த குரலில் சொன்ன சபின், அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கினார். பின்சந்தின் வெயில் தரையில் விழுந்தது. "அன்னிக்கு எக்ஸ்ரே ரூம்ல, அவரு வெளிய நின்னப்ப, ஒரு நம்பர் சொன்னீங்கல்ல. அதுல பேசிட்டேன்."

அவள் கதவிடுக்கில் கிடந்த நிழலைத் திரும்பிப் பார்த்தாள். சபின் அவள் முதுகில் கை வைத்து மெல்லத் தள்ளினார்.

"எலும்ப அப்புறம் வளத்துக்கலாம். ஓடுங்க, உங்க அக்கா ஆட்டோவோட நிக்கறாங்க."