தேன் யாருக்குச் சொந்தம்?

முதலில் கரடித் தலைவர் தேன்கூடுகளைப் பொதுவாக்கினார். அடுத்து, தங்கள் கூட்டைக் கேட்ட தேனீக்களைத் துரோகிகள் என்றார். அதற்கடுத்து, கைதட்டாத முயல்களைப் பனிக்காட்டுக்கு அனுப்பினார். கடைசியில் சிரிப்பையும் தடை செய்தார்.

அந்த வாரமே காட்டில் ஒரு துணுக்கு பரவியது. அதைச் சொன்னதாகக் கிளி பிடிபட்டது.

விசாரணை நாளில் முள்ளம்பன்றி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தது. பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ரோஷம் இருந்தது.

"கிளியை விடுங்கள். அதற்குச் சொந்தமாக ஒரு வரி வருமா? அந்தத் துணுக்கைக் கட்டியவன் நான்."

எழுத்தர் நரி பதறியது. "பத்துக் குளிர்காலம் பனிக்காடு, அண்ணே! முள்ளெல்லாம் உதிர்ந்துவிடும். பேசாமல் போய்விடு, கிளி பெயரில் எழுதி முடித்தாயிற்று."

"அடித்து எழுதப்பா. என் சரக்குக்கு இன்னொருவன் தண்டனை அனுபவிப்பதா?"

சாட்சிகள் முன்னால் குற்றத்தை முழுதாக வாசிக்க வேண்டும் என்பது அந்தக் காட்டின் சட்டம். நரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது: "தேன் நம் எல்லோருக்கும் சொந்தம். நக்குகிற சிரமத்தை மட்டும் தலைவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்."

சாட்சிக்கு வந்த எருமைகள் உதட்டைக் கடித்துக்கொண்டன. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஆனால் ஓடு குலுங்கியது.

"பெயரையும் படி, தம்பி," என்றது முள்ளம்பன்றி, முள்ளெல்லாம் நிமிர. "கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்."

நரி குரலை உயர்த்தியது: "இதை இயற்றியவர், முள்ளம்பன்றி வேலாயுதம்."