இருநூறு ஸ்க்ரூ

காலையிலிருந்து நின்றதில் ரிமோட் கார் கடைக்காரருக்குக் கால் கடுத்தது. எதிரே நின்ற அம்மாவோ இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு அரை மணி நேரமாக அசைந்து கொடுக்கவில்லை.

“இது ரெடிமேட் கார்ம்மா. சார்ஜ் போட்டா ஓடும். அது கிட். மொத்தமும் நாமளே மாட்டணும், இருநூறு ஸ்க்ரூ இருக்கு. முன்னாடி செஞ்ச பழக்கம் உண்டா?”

“இல்லப்பா. இதுதான் முதல் தடவை.”

“அப்ப கண்ண மூடிக்கிட்டு ரெடிமேட் வாங்குங்க. கிட்டை எடுத்தா பையன் பாதியில அழுதுடுவான்.”

“அழுகை தினமும் நடக்கறதுதான்” என்று அலுப்போடு சொன்னவள், கிட் பெட்டியையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அவருக்குச் சுருக்கென்று எரிச்சல் வந்தது. எப்படியாவது இவளை அனுப்பினால் போதும். “சரி, நானே மாட்டித் தரேன். பையனுக்கு என்ன வயசு?”

“அம்பத்தெட்டு. என் வீட்டுக்காரருக்குத்தான். லாரி மெக்கானிக்கா இருந்தார்.”

“மெக்கானிக்கா? அவருக்கா இது தெரியாது?”

“பக்கவாதம் வந்து மூணு மாசமாச்சு. வலது கை வரலை. இடது கையைப் பழக்கச் சொல்லிட்டார் டாக்டர்.”

அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“மாட்டி முடிச்சதும் பிரிச்சுட்டு, மறுபடி முதல்லேருந்து மாட்டலாமில்ல?”