எட்டு கிலோ விதி

பகடை உருட்டி டிராகனைக் கொல்லும் எங்கள் விளையாட்டுக்குப் புதிய விதிப்புத்தகம் வந்த நாளிலிருந்து வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

"பழைய விதிதான் விதி. புதுசெல்லாம் காசு பிடுங்கற வேலை," என்பார் என் கணவர்.

"பழசை எடைக்குப் போடுங்க மாமா," என்பான் என் தம்பி.

ஆட்டத்தை நடத்துபவள் நான். சனிக்கிழமை, ஆடுபவர்கள் எட்டிப் பார்க்காமலிருக்க வைத்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் புத்தகத்தை விரித்தேன். அதிசயமாக, இருவரும் சண்டைக்கே வரவில்லை.

"வெள்ளை மந்திரவாதியையும் கலர் மந்திரவாதியையும் ஒரே அணியில சேர்க்கக் கூடாது," என்றேன்.

"அடடா, என்ன நுணுக்கம்!" என்றார் கணவர்.

"எட்டு கிலோவுக்கு மேல சுமந்தா உடம்பு கிடுகிடுன்னு ஆடும்."

"செம விதி, அக்கா!" தம்பி புதையலில் பாதியை வீசியெறிந்தான்.

"குகை சுத்தி நின்னு ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் கதவு திறக்கும்."

மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள். கதவு திறந்தது, டிராகன் செத்தது, மாமனும் மச்சானும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

"இதுக்குத்தான்டா புதுப் புத்தகத்தைக் கார் டிக்கியில ஒளிச்சு வச்சேன்!" என்றார் கணவர்.

தம்பியின் குதிப்பு நின்றது. "மாமா, பழசை நான்ல ஒளிச்சு வச்சிருக்கேன்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். தடுப்பை நகர்த்தினேன். என் மடியில் இருந்தது, வாஷிங் மெஷினோடு வந்த கையேடு.

தம்பி கையேட்டை வாங்கிப் புரட்டினான்.

"கடையில பார்த்தேன் மாமா," என்று தம்பி மெல்ல ஆரம்பித்தான். "இதோட புது மாடல்ல பத்து கிலோ வரைக்கும் போடலாமாம்."

"எட்டுதான்டா விதி!" என்று பாய்ந்தார் கணவர்.