காலால் பிறந்தவள்

"மிதிடி!"

பாஞ்சாலி மறுபடியும் கத்தினாள். பாயில் குப்புறக் கிடந்த அவள் மகன் வசந்தகுமார் முனகினான். பதினாலு வயசு. கொஞ்ச நாளாகவே முதுகுவலி. இன்று கபடியில் விழுந்ததிலிருந்து நிமிரவே முடியவில்லை.

"என்னால முடியாதுக்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் பூமாரி.

பாஞ்சாலி வீட்டு மாடி அறையில் வாடகைக்குக் குடியிருப்பவள். தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கம்பெனி வேலை. தாய் வயிற்றிலிருந்து கால் முதலில் வந்தவளாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது தெருவே நம்புகிற விஷயம்.

"எனக்கு மிதிச்சே. டீக்கடை கோதண்டத்துக்கு மிதிச்சே. என் புள்ளைக்கு மட்டும் உன் காலு எழும்பாதா?"

"புள்ள துடிக்கான்க்கா..."

"துடிக்கிறான்னுதானே கூப்புடுறேன்! இன்னாடி நெஞ்சு உனக்கு, கல்லா? மிதி. இல்லாங்காட்டி இப்பவே ரூமைக் காலி பண்ணு!"

பூமாரி மாடியேறினாள். பையோடு இறங்கி வந்தாள்.

"பாரு, திமிரைப் பாரு!"

அப்போதுதான் பையன் அலறினான். "யம்மா, காலு மரத்துப்போச்சும்மா!"

பையைக் கீழே போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியது பூமாரிதான்.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதுகெலும்புக்குள்ள ரத்தக்கட்டி. இந்த வயசுப் பசங்களுக்கு வர்றதுதான். புத்துநோய் இல்லம்மா. ஆனா எலும்பை அரிச்சு முட்டை ஓடு மாதிரி ஆக்கிடுச்சு. விழுந்ததுல விரிசல் வேற. கட்டியைச் சுரண்டி எடுத்துட்டு, ஸ்க்ரூ வெச்சு நிறுத்தணும். நடப்பான்."

பிறகு நிமிர்ந்தார். "அமுக்கி விடுறது, மிதிக்கிறதுன்னு எதுவும் பண்ணலியே? பண்ணியிருந்தா ரெண்டு காலும் போயிருக்கும்."

பாஞ்சாலி திரும்பிப் பூமாரியைப் பார்த்தாள்.

ஆபரேஷன் முடிந்து, பையன் கால் விரலை அசைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. வராந்தாவில் அதே பையோடு உட்கார்ந்திருந்த பூமாரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டருக்கே படம் புடிச்சாதான் தெரியுது. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எனக்கு என்னக்கா தெரியும்?" பூமாரி தலை குனிந்தாள். "தனியா வந்த பொண்ணுக்கு ரூம் இல்லன்னு சொன்னீங்க. இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. காலால பொறந்தவள்னு வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிட்டேன். எல்லாரையும் போல நானும் தலையாலதான் பொறந்தேன். வலியில துடிக்கிற புள்ள மேல பொய்க்காலை வைக்க மனசு வரல."

பாஞ்சாலி அவள் கையை விடவில்லை.

"நெசமாவே காலால பொறந்திருந்தா, அன்னைக்கு மிதிச்சிருப்பேன்க்கா."