இடது பக்கக் கோளாறு

ஹெட்போன் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீல் ஸ்டிக்கரைப் பார்த்ததுமே ஸ்ரீவத்ஸுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. யாரோ ஒருமுறை பிரித்துவிட்டு மறுபடி ஒட்டியது போல அதன் ஓரம் சுருங்கியிருந்தது.

"இது ஏற்கெனவே பிரிச்ச சரக்கா?"

"கஸ்டம்ஸ்ல பிரிச்சுப் பாத்திருப்பாங்க சார்," என்றாள் அல்ஃபியா. சிங்காரத்தோப்பில் அவளும் அவளுடைய அத்தா குத்புதீனும் அந்தக் கடையைத் திறந்து இன்னும் முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. "நீங்க போட்டுக் கேட்டுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

கேட்டுச் சொல்வதுதான் ஸ்ரீவத்ஸின் பிழைப்பே. எந்த ஹெட்போன் உசத்தி, எது டுபாக்கூர் என்று ஸ்ரீரங்கத்து வீட்டு மாடியில் உட்கார்ந்து அவன் வீடியோ போடுவான். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் உலகமே பர்ஸைத் திறக்கும்.

இந்தக் கடையில் போலி விற்கிறார்கள் என்று அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். அது குத்புதீனுக்கும் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை.

ஸ்ரீவத்ஸ் ஹெட்போனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரத்தில் கடைந்த கிண்ணங்கள், ஆட்டுத்தோல் மெத்தை, தலையை அழுத்தாத பட்டை. பின்பக்கம் மூடிய வகை என்பதால், மாட்டிக்கொண்டதும் கடைவீதியின் ஹாரன் சத்தம் சுத்தமாக அடங்கியது. எவ்வளவு தேடியும் ஒரு குறைகூட அகப்படவில்லை.

அதற்காகச் சந்தேகம் விட்டுவிடுமா? போலி செய்கிறவன் வெளியே அச்சு அசலாகத்தான் செய்வான், உள்ளேதான் கைவரிசையைக் காட்டுவான்.

வழக்கமான சோதனைப் பதிவை ஓட விட்டான். அவன் மனைவி ஸ்ம்ருதி பாடியது. ஒற்றைக் குரல், பக்கவாத்தியம் கிடையாது, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒலிக்கும். நல்ல ஹெட்போன் என்றால் அந்தக் குரல் நெற்றிக்கு நடுவே வந்து நிற்க வேண்டும். இதில் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றது.

இப்போதெல்லாம் எந்தக் கம்பெனிக்காரனும் இரண்டு பக்கத்தையும் ஒழுங்காகச் செய்வதில்லை என்பது அவனுடைய சமீபகால வருத்தம். ஆனால் இந்த விலைக்கு விற்பதிலுமா?

"இடது பக்கம் டல்லடிக்குதுங்க," என்றான் கழற்றிவிட்டு.

"காலைல நான் போட்டுக் கேட்டேனே சார். சரியாத்தானே இருந்துச்சு?"

"உங்க காதை வச்சா நான் வீடியோ போடறேன்?"

அல்ஃபியா உள்ளே போய் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தாள். இதில் சீல் கச்சிதமாக இருந்தது. அவனே பிரித்து மாட்டிக் கேட்டான். இதிலும் ஸ்ம்ருதியின் குரல் வலப்பக்கமே ஒதுங்கியது.

கழற்றி மேஜையில் வைக்கும்போது, இடப்பக்கம் கல்லாவில் இருந்த குத்புதீனின் உதடுகள் அசைவது கடைக்கண்ணில் பட்டது. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. ஆளை எதிரில் வைத்துக்கொண்டே அப்பாவும் மகளும் குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்?

"என்ன பாய், ரகசியமாப் பேசிக்கிறீங்க?"

குத்புதீன் திருதிருவென்று விழித்தார். "ரகசியம் என்ன தம்பி? டீ சொல்லவான்னு உங்களத்தான் கேட்டேன்."

டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறாரா? ஸ்ரீவத்ஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனை எடுத்துக் கேமராவைத் திறந்தான்.

"ஒண்ணுன்னா பரவாயில்ல, ரெண்டுமே இப்படின்னா சரக்கே போலிதான் பாய். சாயங்காலம் வீடியோ போட்டாகணும். என்னை நம்பித்தான் ஜனங்க வாங்கறாங்க."

குத்புதீன் எழுந்தே விட்டார். "அப்படிச் சொல்லாதீங்க தம்பி. சவூதில உழைச்சதெல்லாம் இந்தக் கடையிலதான் போட்டிருக்கேன். அல்லாஹ் அறிய, அத்தனையும் அசல்."

"ஆணையிட்டா குரல் நடுவுல வந்து நிக்குமா?"

அத்தாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த அல்ஃபியா, கடைசியில் மேஜையிலிருந்த ஹெட்போனைக் கையில் எடுத்தாள்.

"சார், இதையே இன்னும் ஒரே ஒரு தடவ கேட்டுடுங்க. கண்ண மூடிக்கங்க, நானே மாட்டி விடறேன். அப்பவும் சரியில்லேன்னா நீங்க தாராளமா வீடியோ போடுங்க."

கண்ணை மூடச் சொல்லி இவள் என்ன பித்தலாட்டம் செய்யப்போகிறாளோ என்று அவனுக்குள் ஓடியது. இருக்கட்டும், இதையும் பார்த்துவிடலாம் என்று கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் வந்து நின்று அவள் பதமாக மாட்டிவிட்டாள்.

ஸ்ம்ருதி பாட ஆரம்பித்தாள். அதே கதைதான், குரல் வலப்பக்கத்தை விட்டு இம்மியும் நகரவில்லை.

"பாத்தீங்களா?" ஸ்ரீவத்ஸ் வெற்றிக் களிப்போடு கண்ணைத் திறந்தான். "இப்பவும் இடது பக்கம்தான் செத்துக் கிடக்கு."

அல்ஃபியா முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. பாவப்பட்டுப் பார்ப்பது போல இருந்தது. அது அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? சொல்லுங்க," என்று வலது காதிலிருந்து மட்டும் ஹெட்போனை ஒதுக்கிக்கொண்டு கேட்டான்.

அவள் மெதுவாகச் சொன்னாள்:

"சார், இடது பக்கத்த நான் உங்க வலது காதுலதான் மாட்டியிருக்கேன்."